தூலேமா கரைக்கு வந்தாச்சு

எசேத்தாவுக்கு மீன் ஆகாது. சாப்பிட்டால் உதடு வீங்கிவிடும், வாடை பட்டாலே முகத்தைச் சுளிப்பாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து எங்கள் தீவின் ஆப்பியா துறைமுகத்தில், மீன்பிடிப் படகுக்காரர்கள் சங்கத்தில் வேலைக்கு உட்கார வைத்தார்கள் பாருங்கள், அந்த மகராசன் யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சங்கத்தில் ரேடியோ அறையைப் பார்த்துக்கொள்பவன் நான். பெயர் விலியாமு. குரல் பெரிது, பொறுமை சிறிது. என்னோடு ஒரே அறையில் நாலு வருஷம் குப்பை கொட்டியவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் நாலு மாதத்தில் ஓடிப்போனார்கள்.

நெடுநெடுவென்று இருப்பாள். வாலிபால் ஆடுகிறவள். கொண்டையில் எப்போதும் ஒரு பேனாவைச் செருகி வைத்துக்கொண்டு, அதையே மேஜை முழுக்கத் தேடுவாள். பக்கத்துத் தீவு நாட்டில், சூவாவில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாள். கூடப் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆக்லாந்து, சிட்னி என்று கிளம்பிப் போய்விட்டார்கள். இவள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“எங்கப்பாவை யாரு மாமா பாத்துக்கறது? பாக்கத்தான் ஒரு ஆளு. பத்துப் பிள்ளைக்குச் சமம்,” என்றாள்.

அதில் பொய் இல்லை. அவள் அப்பா சிமியோனேயை எனக்கு இளவட்ட நாளிலிருந்தே தெரியும். பிடித்தால் பிடித்த பிடிதான். ஒரு தடவை பாதிரியாரோடு வாக்குவாதம் வந்து, ஒரு வருஷம் முழுக்கக் கோவிலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்றபடியே ஞாயிறு பூசை கேட்டார். மழை பெய்தாலும் உள்ளே வரமாட்டார். அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் இவளுக்கும் இறங்கியிருந்தது.

அவள் வருவதற்கு முன்பு எங்களிடம் ஒரு கரும்பலகைதான் இருந்தது. படகு வெளியே போனால் ஓட்டுகிறவர் பெயரைச் சாக்பீஸில் எழுதுவோம், திரும்பி வந்தால் அழிப்போம். ஒரு நாள் எவனோ ஈரச் சட்டையோடு பலகையில் சாய்ந்து நின்று கதையளந்தான். ஒரு பெயர் போய்விட்டது. அந்தப் படகைத் தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. நல்ல வேளை, அது தானாகவே வந்து சேர்ந்தது. எசேத்தா வேலைக்குச் சேர்ந்த புதிது. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். பெர்ல் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி. திரையில் பார்த்தால் கோழி கிளறிப்போட்ட மாதிரி இருக்கும்.

“படகு நம்பரை வெச்சு எழுதேன். எல்லாப் படகுலயும் நம்பர் இருக்கே,” என்றேன்.

“எந்த நம்பர் மாமா? பாதிப் படகுல பெயின்ட் உதிர்ந்து கெடக்கு. அண்ணன் படகைத் தம்பி ஓட்டறான், தம்பி படகை மச்சான் ஓட்டறான். ரேடியோவுல யாராவது நம்பர் சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

கேட்டதில்லைதான். எங்கள் ஊரில் ஒரு மனிதனை நம்பர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

“அப்போ எல்லார் பேரையும் முன்னாடியே எழுதி வெச்சுக்கப் போறியா?”

“அங்கதான் விஷயமே இருக்கு. ஒரு பேரையும் நான் எழுத மாட்டேன். ஹாஷ்னு ஒண்ணு இருக்கு மாமா. தபாலாபீஸ்ல வரிசையா பெட்டி இருக்கில்ல, அது மாதிரி வெச்சுக்கோங்க. அங்க பெட்டிக்கு நம்பர். இங்க பெட்டிக்குப் பேருதான் சாவி. நீங்க ரேடியோவுல என்ன பேரைக் கேக்கறீங்களோ அதை அப்படியே அடிங்க. அந்தப் பேர்ல ஒரு பெட்டி அந்த நிமிஷமே தானா உண்டாகும். எந்தப் பக்கம் போனாரு, எத்தனை மணிக்குப் போனாரு, எல்லாம் அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். வந்துட்டாருன்னு அடிச்சா பெட்டியோட போயிடும். திரையில யார் பேரு மிச்சம் நிக்குதோ அவங்க இன்னும் கடல்ல இருக்காங்க.”

இதில் அவளுக்கு ஏன் அத்தனை பெருமை என்று எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. எங்களிடம் ஆளுக்குச் சாகும் வரைக்கும் ஒரே பெயர் நிற்காது. நேற்று வரைக்கும் யொசேஃபோவாக இருந்தவனுக்குக் குடும்பம் கூடி, கவா என்கிற சடங்குப் பானம் ஊற்றி, குடும்பத் தலைவர் பட்டம் கொடுத்துவிட்டால், இன்றிலிருந்து அவன் அந்தப் பட்டம்தான். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவமரியாதை. பெயர்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மாதத்துக்கு ஒரு தடவை அவள் உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அந்தத் தொல்லையே இல்லை. புதுப் பட்டத்தோடு ஒருத்தர் ரேடியோவில் வந்தால் புதுப் பெட்டி தானாக முளைக்கும். மூன்று வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. கரும்பலகையைக் கழற்றி ஐஸ் கிடங்குக்குக் கதவாகப் போட்டுவிட்டோம்.

அப்புறம் தூலேமா பட்டம் வந்தது.

தூலேமா என்பது எசேத்தா குடும்பத்துத் தலைப்பட்டம். அதை வைத்திருந்தவர் சிமியோனேயின் அண்ணன். அவர் காலமானதும் யாருக்கு என்ற கேள்வி வந்தது. தம்பி நான் இருக்கிறேன் என்றார் சிமியோனே. மகன் நான் இருக்கும்போது உங்களுக்கு எப்படி என்றான் செத்தவரின் மகன் ஃபாலானிகோ. அதுவரைக்கும் அவன் சித்தப்பா, சித்தப்பா என்று சிமியோனே பின்னாலேயே திரிந்தவன், அவர் படகிலேயே தொழில் கற்றவன். குடும்பம் கூடிக் கூடிப் பேசிற்று. கடைசியில் ஒரு வழியும் தெரியாமல், எங்கள் ஊர் வழக்கப்படி பட்டத்தை இரண்டாகப் பிரித்து இருவருக்குமே கொடுத்துவிட்டார்கள். ஒரே நாள், ஒரே பந்தல், ஒரே கவாக் கிண்ணம். பன்றி வெட்டிச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு பேரைத் தவிர.

இப்படிப் பட்டம் பிரிந்தால் பட்டத்தோடு சொந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். தூலேமா சிமியோனே, தூலேமா ஃபாலானிகோ என்று. இவர்கள் இரண்டு பேரும் மாட்டேன் என்றார்கள். சேர்த்துச் சொன்னால் இன்னொருவனும் தூலேமா என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். சந்தையில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிமியோனே வீட்டில் பெண்டாட்டிகூட அவரைத் தூலேமா என்றுதான் கூப்பிட வேண்டும்.

“சோறு போடறதுக்குக் கூப்பிட்டாக்கூட அம்மா கும்பிட்டுட்டுக் கூப்பிடணும் போல இருக்கு மாமா,” என்று எசேத்தா சிரித்தாள்.

சடங்கு முடிந்த அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே சிமியோனே தனியாகக் கடலுக்குப் போய்விட்டார். அவரோடு வழக்கமாகப் போகிற இரண்டு பேரும் ஃபாலானிகோவுக்கு வேண்டியவர்கள். அவர்களை ஏற்றமாட்டேன் என்று ஒற்றை ஆளாகக் கிளம்பிவிட்டார். ராத்திரி முறையில் இருந்த மோசே ரேடியோவில் கேட்டதை அடித்தான்: தூலேமா, இன்ன பக்கம், இத்தனை மணி. பெட்டி உண்டாயிற்று. அவன் வீட்டுக்குப் போய்விட்டான், நான் வந்தேன். காலையில் ஒரு குரல், “தூலேமா பேசறேன். வடக்கு மிதவைக்குப் போறேன்,” என்றது. ஃபாலானிகோவின் குரல். நான் தூலேமா என்று அடித்தேன். வேறு என்னத்தை அடிப்பது? சொன்னது அதுதானே.

மத்தியானத்துக்கு மேல் வானிலை அலுவலகத்திலிருந்து சேதி வந்தது. வடக்குக் காற்று பலமாக வருகிறது, சாயங்காலத்துக்குள் எல்லாப் படகும் உள்ளே வந்துவிட வேண்டும். எங்களுக்கு வடக்குக் காற்றுதான் எமன். பவளப்பாறையில் படகு நுழைகிற வாசல் வடக்கே பார்த்து இருக்கிறது. காற்று ஏறிவிட்டால் வாசலில் அலை மடிந்து விழும். அப்புறம் உள்ளே இருப்பவன் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவன் உள்ளே வர முடியாது.

நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒவ்வொரு படகாக வந்தது. வருகிறவர்கள் சொல்லச் சொல்ல, பெயரைத் திருப்பி ரேடியோவில் உரக்கச் சொல்வேன். வீடுகளில் பெண்கள் ரேடியோவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அடுப்பு மூட்டுவதே அதைக் கேட்டுத்தான். “தூலேமா கரைக்கு வந்தாச்சு,” என்று அதையும் சொன்னேன். திரையிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

காற்று எழுந்துவிட்டது. ஜன்னல் பலகைகளை ஆணியடித்துக் கட்ட நான் வெளியே போனேன். உள்ளே எசேத்தா மைக்கில் உட்கார்ந்தாள். போலீஸ் காவல் படகின் கேப்டன் கேட்டது வெளியே எனக்கும் காதில் விழுந்தது.

“சங்கம், வெளிய யாராவது இருக்காங்களா? இல்லைன்னா நான் படகைக் கட்டிடறேன்.”

“திரையில யாரும் இல்ல சார். எல்லாரும் வந்தாச்சு,” என்றாள் எசேத்தா.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவள் அம்மா. நான் ஆணியை வாயில் கவ்வியபடி உள்ளே வந்தபோது எசேத்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டாரும்மா. ரேடியோவுல சொன்னாங்கல்ல. எங்கயாவது கோகோ குடிச்சுக்கிட்டுப் பட்டத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாரு. சேப்பங்கிழங்கு ஆறினா ஆறட்டும், நீங்க சாப்பிடுங்க.”

போனை வைத்தாள். எனக்கு என்னவோ ஒட்டவில்லை. ஜன்னலின் மிச்ச இடுக்கு வழியாகப் பார்த்தேன். சிமியோனேயின் பழைய வண்டி துறைமுகத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் படகு கட்டுகிற இடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

“எசேத்தா, உங்கப்பா படகை இன்னிக்கு வேற எங்கயாவது கட்டியிருக்காரா?”

அவள் எழுந்து வந்து பார்த்தாள். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஃபாலானிகோ உள்ளே வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் கிடங்குச் சாவி வேண்டுமாம்.

“என்ன மாமா, தூலேமாவுக்கு ஒரு துண்டு கெடைக்குமா?” என்றான்.

எசேத்தா அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. அதற்கு முன்பும் பிறகும் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

“மாமா. இன்னிக்கு வந்த தூலேமா யாரு? யாரு குரல் கேட்டீங்க?”

“இவன்தான்.”

“காலையில போனது?”

“இவன்தான். நான் அடிச்சேனே.”

“அதுக்கு முன்னாடி? மோசே அண்ணன்கிட்ட அப்பா பேசினாரே, அது?”

நாற்காலியில் விழுந்து என்னத்தையோ தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள்.

“போச்சு மாமா. அப்பா பேர்ல பெட்டி இருந்துச்சு. இவரு போறப்போ நீங்க அதே பேரை அடிச்சீங்க. ஏற்கெனவே இந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காரேன்னு அது கேக்காது. கேக்கணும்னு நான் எழுதல. அப்பாவைத் தூக்கி வெளிய போட்டுட்டு இவரை உள்ள வெச்சிருச்சு. இவரு வந்ததும் பெட்டியும் போச்சு. எந்தப் பக்கம் போறேன்னு சொன்னாரோ அதுவும் போச்சு.” திரையை விட்டு என்னைப் பார்த்தாள். “எங்கப்பா வெளிய இருக்காரு மாமா. எல்லாரும் வந்தாச்சுன்னு நான் சொன்னேன்.”

மோசேயின் வீட்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. சிமியோனேயை ரேடியோவில் கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்தது. எசேத்தா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“காவல் படகு, சங்கம் பேசறேன். தப்பாச் சொல்லிட்டேன் சார். ஒருத்தர் வெளிய இருக்காரு.”

“யாரு?”

“தூலேமா.”

“தூலேமா வந்தாச்சுன்னு நானே ரேடியோவுல கேட்டேனேம்மா.”

“அது வேற தூலேமா சார்.”

“எத்தனை தூலேமா இருக்காங்க? கேலி பண்றதுக்கு நேரமா இது? வாசல்ல அலை மடிய ஆரம்பிச்சிருச்சு. இருக்காருன்னு நிச்சயமாத் தெரிஞ்சா சொல்லு, எங்கன்னும் சொல்லு. கண்ணைக் கட்டிக்கிட்டு நான் கடல்ல தேட முடியாது.”

எசேத்தா மைக்கை இறக்கினாள். ஃபாலானிகோ அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணே, வடக்கு மிதவையிலதானே இருந்தீங்க? அங்க அப்பாவைப் பாத்தீங்களா?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்குத் தெரிஞ்சு ஒரு தூலேமாதான் இன்னிக்குக் கடலுக்குப் போனான். அவன் திரும்பி வந்துட்டான்,” என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சுத்தியலை அவன் மண்டையில் போட்டிருப்பேன். எசேத்தா கத்தவில்லை. திரையைப் பிடித்து அவன் பக்கமாகத் திருப்பினாள்.

“பாருங்க. மெஷினும் அதையேதான் சொல்லுது. ஒரே ஒரு தூலேமா. அவரும் வந்தாச்சு. கடல்ல யாருமே இல்ல. நீங்க ஆசைப்பட்டது நடந்துருச்சு அண்ணே. இன்னும் கொஞ்ச நேரத்துல நிஜமாவே ஒரே ஒரு தூலேமாதான் இருப்பாரு.”

அவன் திரையையே பார்த்தான். வெறும் கறுப்புத் திரை. முகத்திலிருந்த இறுக்கம் எங்கேயோ போய்விட்டது.

“உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்,” என்றான். “இதுல பேரு இருக்கும், நீங்க கூப்பிட்டுக்குவீங்கன்னு நெனச்சேன்.”

“என்ன பாத்தீங்க? சொல்லுங்க.”

“மிதவைக்குக் கெழக்கே. மோட்டார் மூடியைத் தெறந்து வெச்சுக்கிட்டுக் குனிஞ்சிருந்தாரு. நான் தாண்டி வரப்போ கையை ஆட்டினாரு. ரெண்டு கையையும் ஆட்டினாரு. என்னைத் திட்டறாருன்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தானே திட்டுவாரு.” ஜன்னல் இடுக்கைப் பார்த்தான். “நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.”

ரேடியோவில் கேப்டனின் குரல் வந்தது. “சங்கம், என்ன முடிவு? நான் கயிறு கட்டறேன்.”

ஃபாலானிகோ எட்டி மைக்கை எடுத்தான்.

“கட்டாதீங்க சார். தூலேமா ஃபாலானிகோ பேசறேன். நாங்க ரெண்டு பேரு இருக்கோம். நான் வந்துட்டேன், எங்க சித்தப்பா வரல. தூலேமா சிமியோனே. மோட்டார் நின்னு போய்க் கெழக்கே அடிச்சுக்கிட்டுப் போறாரு. நீரோட்டம் எனக்குத் தெரியும், நானும் வரேன்.”

சாவியும் வேண்டாம் துண்டும் வேண்டாம் என்று ஓடினான். காவல் படகு வாசலைத் தாண்டும்போது மூக்கு மேலே தூக்கி ஒரு ஆட்டம் ஆடியது. அதற்கப்புறம் மழை மறைத்துவிட்டது.

காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை வேறில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எசேத்தா அம்மாவுக்குப் போன் செய்தாள். ஒளிக்கவில்லை, நடந்ததை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் அழுகையும் வரவில்லை, திட்டும் வரவில்லை. “நான் வரேன்,” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள் அந்த மனுஷி. எசேத்தா உட்கார்ந்து நிரலைத் திறந்தாள்.

“இப்போ எதுக்கு அது?” என்றேன்.

“சும்மா உக்காந்திருந்தா செத்துருவேன் மாமா.”

பெட்டிக்குச் சாவி உண்டாகிற அந்த ஒரு வரியை மாற்றினாள். பட்டத்தோடு சொந்தப் பெயரையும் சேர்த்தால்தான் இனி சாவி. அதே சாவியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தால் நின்று கேட்கும், பதில் சொல்லாமல் உள்ளே விடாது. “அப்பவே எழுதியிருக்கணும். இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சிரிச்சுக்கிட்டு இருந்தேன்,” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு தட்டினாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. எழுதி முடித்ததும் முதல் ஆளாக அப்பாவை உள்ளே ஏற்றினாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்து நின்றது. தூலேமா சிமியோனே. கடலில்.

அவள் அம்மா நனைந்து வந்து சேர்ந்தாள். மகளைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஜெபமாலையை எடுத்தாள். ரேடியோவில் வெகுநேரம் காவல் படகின் பேச்சு துண்டு துண்டாக வந்தது. மிதவையில் இல்லை. கிழக்கே போகிறோம். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிழக்கே. அவன் சொல்கிறான், இன்னும் கொஞ்சம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கேப்டன் திரும்பப் போகிறேன் என்றார். பின்னால் ஃபாலானிகோ கெஞ்சுவது கேட்டது. அப்புறம் இரைச்சல்.

பிறகு கேப்டனின் குரல், “படகு தெரியுது,” என்றது. கொஞ்சம் பொறுத்து, “ஆளு இருக்காரு,” என்றது.

எசேத்தாவின் அம்மா ஜெபமாலையோடு என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுத்தத்தில் மணிகள் என் உள்ளங்கையில் பதிந்துவிட்டன.

சிமியோனேயின் படகை அங்கேயே விட்டுவிட்டு ஆளை மட்டும் கொண்டுவந்தார்கள். போலீஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு ரேடியோ அறைக்குள் வந்து உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்துக் குரல் கம்மிப்போயிருந்தது. பெண்டாட்டி அவர் தலையைத் துவட்டினாள். ஃபாலானிகோ உள்ளே வராமல் கதவோடு நின்றான்.

“அப்பா,” என்று எசேத்தா ஆரம்பித்தாள்.

அவர் கோகோக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கை ரேடியோவுல சார்ஜ் எறங்கிருச்சு. பேசினாப் போகல, ஆனா நீங்க பேசறது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு,” என்றார். “தூலேமா கரைக்கு வந்தாச்சுன்னு விலியாமு சொன்னான். சரி, இவன் போய்ச் சேந்துட்டான், இன்னொருத்தன் வரலன்னு தேடுவாங்கன்னு இருந்தேன். அப்புறம் உன் குரல் வந்துச்சு. எல்லாரும் வந்தாச்சுன்னு போலீஸ்கிட்ட சொன்னே.”

எசேத்தா தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “என்னை அடிங்கப்பா,” என்றாள்.

அவர் அடிக்கவில்லை. திரையை எட்டிப் பார்த்தார். “அதுல என்ன போட்டிருக்கு?”

“நீங்கதான்பா. இன்னும் கடல்ல இருக்கீங்க.”

“அப்போ எடுத்து விடு.”

எசேத்தா எழுந்து மேஜைக்குப் போனாள். விரலை வைத்தபடி தயங்கினாள். “இப்போ மாத்தி எழுதிட்டேன்பா. பட்டம் மட்டும் சொன்னாப் போதாது. சொந்தப் பேரையும் சேத்துச் சொல்லணும்.”

அவள் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குப் பக்கென்றது. மாமரத்தடியில் ஒரு வருஷம் நின்ற மனுஷனிடம் போய் இன்றைக்கா இதைக் கேட்பது? கதவருகில் ஃபாலானிகோ தலையைக் குனிந்துகொண்டான்.

“சிமியோனே,” என்றார் அவர். “எல்லாரும் வந்தாச்சுன்னு நீ சொன்னதுல இருந்து பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அதைத்தான் கத்திக்கிட்டு இருந்தேன். தூலேமான்னு சொல்லல. சிமியோனே இருக்கேன், சிமியோனே இருக்கேன்னு. ஒருத்தருக்கும் கேக்கல.”

எசேத்தாவால் அடிக்க முடியவில்லை. நான் அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்து அந்தப் பெயரைத் திரையிலிருந்து எடுத்தேன்.